ஒருசந்தியும் ஒரே பந்தியும்

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில், வேளச்சேரியில், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர், பி.ஏ., பி.எட்., ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம்பிக்கையும் சமுதாய வாழ்வும் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்தனர். பொருளோ மிகப் பரந்தது. நேரமோ மிகக் குறுகியது. ஆதலின் நாம் நேரில் கண்டறிந்த ஒரு சிறு களத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அது ஒரு கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளி, அப்பள்ளியின் தவக்காலம்.

“நீர் கிறித்தவர் அல்லரே, அரசுப் பள்ளியில் பணியாற்றுபவர் ஆயிற்றே, தவக்காலத்தைப் பற்றிப் பேச உமக்கு என்ன உண்டு?” என்று சிலர் நினைக்கக்கூடும். அதற்குக் காரணம் இரண்டு. நாம் அகரம் எழுதக் கற்றது இவ்வேளச்சேரிக்கு அண்மையில் இருந்த அத்தகைய பள்ளி ஒன்றில்தான் என்பது முதற் காரணம். இரண்டாவது காரணம் இன்றைய நாளோடு தொடர்புடையது. நம் சங்கத்தின் கல்வி உதவி நிதியை இனிமேல் ஆதிதிராவிடர் என்று சாதிச் சான்றிதழ் உடைய பிள்ளைகட்கு மட்டுமே வழங்குவது எனவும், கிறித்தவம் தழுவிய குடும்பத்துப் பிள்ளைகளை அவர்தம் திருச்சபையே பார்த்துக்கொள்ளட்டும் எனவும் ஒரு கருத்து உறுப்பினரிடையே எழுந்துள்ளது. வருகிற பொதுக்குழுவில் அது முடிவிற்கு வர இருக்கிறது. அதற்கு முன் நம் மனத்திலுள்ளதைக் கூறிவிட வேண்டும் என்று கருதினோம்.

தவக்காலம் என்பது யாது?

இங்குள்ள இளைஞருள் பலர் கிறித்தவர் அல்லர். ஆதலின் சில சொற்களை விளக்குதல் நன்று. உயிர்ப்புப் பெருவிழாவிற்கு முன்வரும் ஆயத்தக் காலமே தவக்காலம். நம் இளமையில் பெரியோர் அதனைத் ‘தபசுகாலம்’ என்பர். திருநீற்றுப் புதனன்று அது தொடங்கும். முந்தைய ஆண்டின் குருத்தோலைகளை எரித்த சாம்பலை நெற்றியில் இடுவர். புதன் முதல் உயிர்ப்பு ஞாயிற்றுக்கு முந்தின நாள் வரை எண்ணினால் 46 நாள் வரும். ஞாயிற்றுக் கிழமைகள் ஆறும் நோன்பிற்கு உரியன அல்ல. அவற்றைக் கழித்தால் எஞ்சுவன 40 நாள்கள். நாளில் ஒருவேளை மட்டும் முழு உணவு கொள்ளும் நோன்பை ‘ஒருசந்தி’ என்றும், இறைச்சியை விலக்குதலைச் ‘சுத்தபோசனம்’ என்றும் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கினர். வெள்ளிக் கிழமைகளில் பதினான்கு நிலைகளையுடைய சிலுவைப் பாதை வழிபாடு நடக்கும்.

இக்காலத்திற்குரிய கடமைகள் மூன்று: இறைவேண்டல், நோன்பு, ஈகை. மூன்றையும் பிறர் காண ஆரவாரமாய்ச் செய்யலாகாது என்பது மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்துப் போதனை. எசாயா இறைவாக்கினர் நூலின் 58ஆம் அதிகாரமும் இக்காலத்தில் வாசிக்கப்படும். பசித்தவரோடு உணவைப் பகிர்வதும், ஒடுக்கப்பட்டோரின் தளையை அவிழ்ப்பதுமே இறைவன் விரும்பும் நோன்பு என்பது அதன் சாரம்.

பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. தொடக்கப் பள்ளிச் சிறாருக்கு ஒருசந்திக் கடமை இல்லை. 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் நோன்பு விதிகளைத் திருத்தியமைத்தார். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்க்கே கடமை. ஒருசந்தியோ 18 வயது நிறைந்தவர் முதல் அறுபதாம் வயதில் அடியெடுத்து வைக்கும் வரை உள்ளவர்க்கே கடமை. சிறுவர்க்குத் தவத்தின் உண்மைப் பொருளைக் கற்பித்தல் வேண்டும் என்று மட்டுமே அச்சட்டம் பெற்றோரையும் குருக்களையும் பணிக்கிறது. இதனை நினைவில் இருத்திக்கொள்ளுங்கள். நாம் சொல்லப்போகும் நிகழ்ச்சி இதனைப் பற்றியதே.

மலைப்படியில் மயங்கிய சிறுவன்

அது 1981ஆம் ஆண்டு. நாம் நான்காம் வகுப்பில் இருந்தோம். அக்காலத்து வேளச்சேரி இன்று நீங்கள் காண்பது அன்று. பறக்கும் இரயில் இல்லை. வணிக வளாகங்கள் இல்லை. ஏரியும், வயலும், சதுப்பு நிலமுமாய்க் கிடந்தது. நம் தெருவினர் நாற்று நட்டனர், களை பறித்தனர், வயல்கள் மனைகளாக மாறத் தொடங்கியபின் சித்தாளாகச் சென்று செங்கல் சுமந்தனர். தெருவில் சில குடும்பங்கள் கத்தோலிக்கர். ஏனையோர் அம்மனை வழிபடுவோர். பள்ளி ஒன்றே. கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேச வகுப்பிற்குச் செல்லும் வேளையில் நாம் நன்னெறி வகுப்பில் அமர்ந்திருப்போம். அரசு உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் இசைவின்றி எப்பிள்ளையையும் சமயப் போதனையில் அமர்த்தலாகாது என்பது நம் அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு தரும் உரிமை. அவ்வுரிமை அப்பள்ளியில் முறையாகப் போற்றப்பட்டது என்பதை நன்றியோடு கூறுகிறோம்.

தவக்காலம் வந்ததும் வகுப்பறையில் ஓர் உண்டியல் வைக்கப்படும். மிட்டாய்க்கு வைத்திருக்கும் ஐந்து பைசாவையும் பத்துப் பைசாவையும் அதில் இடுமாறு ஆசிரியை கூறுவார். அவ்வாண்டு ஒரு வெள்ளிக்கிழமை காலை, பள்ளிப் பிள்ளைகளைப் பரங்கிமலைக்கு நடத்தி அழைத்துச் சென்றனர். புனித தோமையார் நினைவாக 1523இல் போர்த்துக்கீசியர் எழுப்பிய ஆலயம் அம்மலையுச்சியில் இருப்பதை அறிவீர்கள். அடிவாரத்திலிருந்து நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட படிகள் உண்டு. படி வழியே சிலுவைப் பாதையின் நிலைகள் அமைந்துள்ளன. ஆதம்பாக்கம் வழியாக நடந்து சென்று, ஒவ்வொரு நிலையிலும் நின்று நின்று ஏறினோம். கத்தோலிக்கப் பிள்ளைகள் செபம் சொன்னார்கள். நாம் உடன் நின்றோம்.

பாதி வழியில், நம் வகுப்புத் தோழன் ஒருவன் படியிலேயே சாய்ந்தான். நம் தெருவினன், கத்தோலிக்கக் குடும்பத்தவன். முகத்தில் நீர் தெளித்து எழுப்பினர். தலைமையாசிரியையான சகோதரி அவர்கள், அவரை நாங்கள் ‘மதர்’ என்றே அழைப்போம், அவனைத் தம் மடியில் கிடத்திக்கொண்டு, “காலையில் என்ன சாப்பிட்டாய்?” என்று வினவினார். அவன் மெல்லச் சொன்னான்: “ஒருசந்தி, மதர்.”

அங்கிருந்தோர் சிலர் அவனது பக்தியை எண்ணி வியந்தனர். மதர் வியக்கவில்லை. மறுபடியும் மறுபடியும் வினவி உண்மையை அறிந்தார். முந்தின நாள் நண்பகலில் பள்ளியில் உண்ட கோதுமை ரவைச் சோற்றுக்குப் பின் அவன் எதையும் உண்டிருக்கவில்லை. வீட்டில் அடுப்பு எரியவில்லை. அதனைச் சொல்ல வெட்கினான். ஒருசந்தி என்று சொன்னால் எவரும் மேலே கேட்கமாட்டார்கள் அல்லவா?

ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் தன் பசியை மறைக்க நோன்பின் பெயரைக் கடன் வாங்கினான். இந்நிகழ்ச்சிக்குப் பின் நாற்பத்தைந்து ஆண்டளவு கடந்துவிட்டது. ஆசிரியப் பணியில் எத்தனையோ பிள்ளைகளைக் கண்டுவிட்டோம். காலை வணக்கக் கூட்டத்தில் ஒரு பிள்ளை தலைசுற்றி அமரும்போதெல்லாம் அந்த மலைப்படியே நம் கண்முன் நிற்கிறது. உணவு இருந்தும் உண்ணாமல் இருப்பது நோன்பு. உணவே இல்லாமல் இருப்பது பசி. நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாக இருந்தது இரண்டாவது நிலையில்தான். அவர்களிடம் சென்று நோன்பின் பெருமையைப் பேசுவோர் முதலில் அவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் வேண்டும்.

அம்மன் கோயில் அண்டா

அடுத்த திங்கட்கிழமை மதர் செய்ததே நாம் கூற விரும்பும் பாடம். அவர் அந்தச் சிறுவனை மட்டும் அழைத்து உணவளிக்கவில்லை. அவ்வாறு அளித்திருந்தால், அவன் வீட்டு அடுப்பு எரியாத செய்தி பள்ளி முழுதும் பரவியிருக்கும். உண்டியலைத் திறந்தார். காசு போதவில்லை. பங்கிலிருந்த குடும்பங்கள் கேழ்வரகு கொடுத்தன. தவக்காலம் முடியும்வரை காலையில் பள்ளி தொடங்குமுன் எல்லாப் பிள்ளைகட்கும் கூழ் வார்ப்பது என்று முடிவாயிற்று. உள்ளவன், இல்லாதவன், கத்தோலிக்கன், அல்லாதவன் என்ற பாகுபாடின்றி யாவரும் ஒரே பந்தியில் அமர வேண்டும். ஆசிரியைகளும் அமர வேண்டும்.

கூழ் காய்ச்சப் பெரிய பாத்திரம் பள்ளியில் இல்லை. அது நம் தெருவில் இருந்தது. ஆடி மாதத்தில் அம்மனுக்குக் கூழ் வார்க்கும் அண்டா அது. அம்மன் பாத்திரத்தை வேதக்காரர் பள்ளிக்குக் கொடுக்கலாமா என்று தெருவில் ஒரு பேச்சு எழுந்தது. நம் தாயைப் பெற்ற ஆயாதான் அதனைத் தீர்த்து வைத்தார். எழுத்தறியாத அம்மூதாட்டி கூறியது இது: “அங்கேயும் விரதம், இங்கேயும் விரதம். ரெண்டும் கடைசியில ஊருக்குக் கூழ் ஊத்துறதுலதானே முடியுது? எடுத்துக்கிட்டுப் போங்கடா.”

நாமும் நம் தோழனும் வேறு இருவருமாக அந்த அண்டாவைச் சுமந்து சென்றோம். அவ்வாண்டுத் தவக்காலம் முழுதும் அம்மன் கோயில் அண்டாவில் கத்தோலிக்கப் பள்ளியின் கூழ் காய்ந்தது. பாத்திரத்தைத் துலக்கி நீர் சுமந்த முதற் பணியாளன் அந்த மயங்கி விழுந்த சிறுவனே. உண்டியலில் இடக் காசில்லாத அவன் தன் ஈகையை அவ்வாறு செலுத்தினான்.

பெரிய வியாழனன்று இன்னொன்றும் நிகழ்ந்தது. இயேசு பெருமான் தம் சீடரின் பாதங்களைக் கழுவியதை நினைவுகூரும் சடங்கு அந்நாளில் ஆலயங்களில் நடைபெறும். அதன் பொருளைப் பிள்ளைகள் அறியும் பொருட்டு, முந்தின நாள் பள்ளி முற்றத்தில் மதர் பன்னிரண்டு பிள்ளைகளின் கால்களைக் கழுவித் துடைத்தார். நம் தெருப் பிள்ளைகளும் அவருள் இருந்தோம். சேற்றிலும் கல்லிலும் நடந்த கால்கள் அவை. நம் கையிலிருந்து நீர் வாங்கிக் குடிக்கவும் தயங்கிய காலம் அது. அச்சமயத்தில் நம் காலைத் தொட்டுக் கழுவிய கை ஒன்றிருந்தது என்பதை எவ்வாறு மறப்போம்?

உலகெங்கும் இவ்வழக்கம் உண்டு

நோன்பில் மிச்சமாவதைப் பசித்தவர்க்கு அளித்தல் உலகளாவிய வழக்கம். ஜெர்மனி நாட்டு ஆயர்கள் 1958இல் தொடங்கிய மிசெரியோர் என்னும் அமைப்பு தவக்காலக் காணிக்கையைக் கொண்டே ஏழை நாடுகட்கு உதவுகிறது. அயர்லாந்து ஆயர்கள் 1973இல் தொடங்கிய துரோக்கரா என்னும் அமைப்பின் சிறு அட்டைப் பெட்டி, தவக்காலத்தில் அந்நாட்டு வீடுகளிலும் பள்ளிகளிலும் வைக்கப்படுகிறது. நம் நாட்டிலும் 1962இல் அமைந்த காரித்தாஸ் இந்தியா தவக்காலத்தில் நிதி திரட்டுகிறது.

ஆனால், ஈகை எவ்வளவு பெரிதாயினும் அது உரிமைக்கு ஈடாகாது. ஒரு மதரின் இரக்கத்தில் ஒரு பள்ளியின் பிள்ளைகள் நாற்பது நாள் உண்டனர். நாற்பத்தோராம் நாள் என்ன செய்வது? அக்கேள்விக்கு விடையளிக்க வேண்டியது அரசு. தமிழ்நாடு அவ்விடையைப் படிப்படியாக எழுதியது. 1920இல் சென்னை மாநகராட்சி, பி. தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவு அளித்தது. காமராசர் ஆட்சியில், 1950களின் நடுவில், அது மாநிலமெங்கும் விரிந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக வளர்த்தார். 2022 செப்டம்பர் 15ஆம் நாள் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது.

அக்காலை உணவு அரசு உதவி பெறும் பள்ளிகட்கு விரிந்த வரலாறு நம் பொருளோடு நெருங்கியது. ஊரகப் பகுதிப் பள்ளிகட்கு அது 2024 சூலை 15ஆம் நாள், திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியிலுள்ள புனித அன்னாள் பள்ளியில் தொடங்கி வைக்கப்பட்டது. நகர்ப்புறப் பள்ளிகட்கு 2025 ஆகஸ்டு 26ஆம் நாள், இதோ நம் அண்மையிலுள்ள மயிலாப்பூரில், புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியில் தொடங்கி வைக்கப்பட்டது. நகர்ப்புறத்தில் மட்டும் 2,400க்கும் மேற்பட்ட பள்ளிகளில் மூன்று இலட்சம் பிள்ளைகள் அளவிற்கு இதனால் பயன் பெறுகின்றனர். இச்செய்தியைப் படித்த அன்று, அம்மன் கோயில் அண்டா நம் நினைவிற்கு வந்தது. தவக்காலத்தில் மட்டும் வார்த்த கூழ், இன்று பள்ளி நாள்தோறும் கிடைக்கும் உணவாயிற்று. காலையில் வெறும் வயிற்றோடு வந்து “ஒருசந்தி” என்று பொய் சொல்ல வேண்டிய நிலை எந்தப் பிள்ளைக்கும் இனி வரலாகாது.

பந்தி ஒன்று, சான்றிதழ் இரண்டு

இனி, கசப்பான பகுதிக்கு வருகிறோம். அத்தோழனும் நாமும் மேனிலைப் பள்ளி வரை ஒன்றாகவே பயின்றோம். 1989இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் இருவர் மதிப்பெண்ணும் ஏறத்தாழ ஒன்றே. தெரு ஒன்று, குலம் ஒன்று, பிறர் நம்மை ஏசிய சொல்லும் ஒன்று. சான்றிதழ் மட்டும் வேறு. நமக்கு ஆதிதிராவிடர் என்று வழங்கினர். திருமுழுக்குப் பெற்றவனாதலின் அவனுக்குப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வழங்கினர். கல்லூரியில் நமக்கு இடம் கிடைத்தது, அவனுக்குக் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டுவரை காத்திருக்க அவன் வீட்டால் இயலவில்லை. மின்பணியாளர் ஒருவரிடம் உதவியாளாகச் சென்றான். நாம் பி.ஏ. பயின்று, பி.எட். பயின்று, இன்று தலைமையாசிரியராக உங்கள் முன் நிற்கிறோம். நமக்குக் கிடைத்த இடம் நமக்கு உரியதே, அதில் ஐயமில்லை. அவனுக்கு மறுக்கப்பட்டதும் அவனுக்கு உரியதே. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் உண்மை முழுமை பெறும்.

இதன் வேர் 1950 ஆகஸ்டு 10ஆம் நாள் வெளியான குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தியில் உள்ளது. இந்துக்கள் அல்லாதோர் பட்டியல் சாதியினராகக் கருதப்படார் என்று அது வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் இசுலாமியரும் இன்றும் வெளியே நிற்கின்றனர். இதே சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த சூசை என்னும் தொழிலாளி, பட்டியல் சாதியினர்க்கு வழங்கிய சிறுகடை கிறித்தவரான தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்சநீதிமன்றம் வரை சென்றார். 1985இல் அவ்வழக்கு அவருக்கு எதிராக முடிந்தது. மதம் மாறிய பின்னும் அதே இழிநிலை அதே கடுமையுடன் தொடர்கிறது என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்று நீதிமன்றம் கூறியது. 2007இல் அறிக்கை அளித்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத் தடையை நீக்கப் பரிந்துரைத்தது. இப்பொருளை ஆராய நீதியரசர் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் 2022இல் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்பிரல் 19ஆம் நாள் கிறித்தவ ஆதிதிராவிடர்க்கும் அவ்வுரிமை வழங்குமாறு ஒன்றிய அரசை வலியுறுத்தித் தீர்மானம் நிறைவேற்றியது.

திருச்சபையும் தன் கடனை நேர்மையோடு எண்ணிப் பார்த்தல் வேண்டும். மதரைப் போன்றோர் இருந்தனர் என்பதற்காக, திருச்சிராப்பள்ளி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் இறந்தோரையும் சாதியால் பிரித்த சுவரை மறந்துவிட இயலாது. 2003ஆம் ஆண்டு நவம்பரில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், தம்மைக் காண வந்த தமிழ்நாட்டு ஆயர்களிடம் சாதி வேற்றுமையைக் கண்டித்துப் பேசினார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, தலித் மக்கள் மேம்பாட்டிற்கென ஒரு கொள்கை அறிக்கையை வெளியிட்டது. 2022இல் ஐதராபாத்துப் பேராயர் அந்தோணி பூலா கர்தினாலாக உயர்த்தப்பட்டார். தலித் மக்களுள் அப்பதவி எய்திய முதல்வர் அவர். இவை நற்குறிகள். எனினும் கட்டணம் கட்டும் பிள்ளைகட்கு மாடிக் கட்டடமும், ஏழைப் பிள்ளைகளின் தமிழ்வழித் தொடக்கப் பள்ளிக்கு ஒழுகும் கூரையும் எங்கேனும் இருக்குமாயின், அங்கே தவக்காலத்துச் சாம்பல் வெறும் நெற்றியளவிலேயே நின்றுவிடுகிறது.

“அவர்களைத் திருச்சபை பார்த்துக்கொள்ளட்டும்” என்பாரின் கூற்று முற்றும் தவறு என்று நாம் தள்ளவில்லை. நம் நிதி சிறிது என்பது மெய். ஆனால் சில செய்திகளை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். மாநில அரசின் ஆதிதிராவிடர் நலத்துறையே தன் கல்வி உதவித் தொகையைக் கிறித்தவம் தழுவிய ஆதிதிராவிட மாணவர்க்கும் நீட்டித்துள்ளது. அரசுத் துறையே நம்மவர் என்று ஏற்றுக்கொண்ட பிள்ளைகளை, நம் சங்கமா அயலார் என்று ஒதுக்குவது? ஒன்றிய அரசின் பட்டியலில் அவர்கள் விடுபட்டதை அநீதி என்று மேடையில் முழங்கிவிட்டு, நம் சொந்தப் பட்டியலில் நாமே அவர்களை விடுவது எவ்வாறு பொருந்தும்?

நம் வரலாறும் அதனையே கூறுகிறது. நம்மைக் கல்விக்கு அழைத்த கை ஒரு சமயத்தின் கை அன்று. 1894இல் அடையாற்றை அடுத்து நம் பிள்ளைகட்கென இலவசப் பள்ளியைத் தொடங்கிய கர்னல் ஆல்காட் பௌத்தம் தழுவியவர். பண்டிதர் அயோத்திதாசர் 1898இல் அவருடன் இலங்கை சென்று பௌத்தம் ஏற்றார். அந்தப் பரங்கிமலையில் 1883இல் பிறந்த எம்.சி. ராசா அவர்கள் வெசுலி சபையாரின் பள்ளியில் பயின்று, பள்ளி ஆசிரியராகி, 1920களில் சென்னைச் சட்டமன்றத்தில் நமக்காகக் குரல் கொடுத்தார். ஆதிதிராவிடர் என்னும் பெயர் அரசு ஆவணங்களில் வழங்கப்பட வேண்டும் என்னும் தீர்மானம் 1922இல் அவர் முயற்சியால் நிறைவேறியது. இவர்களுள் எவரும் நம் பிள்ளையின் கழுத்தில் சிலுவை உள்ளதா, நெற்றியில் திருநீறு உள்ளதா என்று பார்த்துக் கல்வியைப் பங்கிட்டிருந்தால், இம்மேடையில் நிற்க நமக்கு வாய்ப்பு ஏது?

இளைஞர்கட்கு ஒரு வேண்டுகோள்

பேச்சோடு அமையாது, செய்யக்கூடிய இரண்டினைக் கூறி முடிக்கிறோம்.

முதலாவது, பொதுக்குழுவில் உதவி நிதியின் பட்டியல் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று இளைஞர்கள் எழுந்து கூறுங்கள். பிள்ளையின் தேவையையும் படிப்பில் அதன் முயற்சியையும் மட்டும் அளவுகோலாகக் கொள்ளுவோம்.

இரண்டாவது, நிதி சிறிது என்பதே தடையானால் அதனைப் பெருக்குவோம். எச்சமயத்தவராயினும் ஆண்டில் நாற்பது நாள் ஒரு நோன்பு கொள்ளுங்கள். கிறித்தவர் தவக்காலத்தில் கொள்ளட்டும். ஏனையோர் ஆடி மாதத்தையொட்டிக் கொள்ளட்டும். அண்ணல் அம்பேத்கர் பிறந்த ஏப்பிரல் 14ஆம் நாளை முடிவாக வைத்துக் கொள்வோரும் கொள்ளட்டும். உணவைக் குறைக்க வேண்டா. நம் மக்கள் போதிய அளவு குறைத்தாயிற்று. கடையில் அருந்தும் தேநீரில் நாளுக்கு ஒன்றைக் குறையுங்கள். ஒரு தேநீர் 12 ரூபாய் என்று கொண்டாலும், நாற்பது நாளில் 480 ரூபாய் சேரும். நூறு பேர் இவ்வாறு செய்தால் 48,000 ரூபாய். பள்ளியை விட்டு நிற்கும் நிலையிலுள்ள பிள்ளைகளின் தேர்வுக் கட்டணம், பேருந்துச் செலவு, நோட்டுப் புத்தகம் ஆகியவற்றிற்கு அது உதவும். அத்துடன் வெள்ளிக்கிழமை மாலைதோறும் ஒரு மணி நேரம் நம் இரவுப் பாடசாலைக்கு வந்து, தொடக்க வகுப்புப் பிள்ளை ஒன்றிற்கு வாசிக்கக் கற்பியுங்கள். கையில் காசில்லாத இளைஞரும் இதனைச் செய்ய இயலும். பாத்திரம் துலக்கிய அச்சிறுவனை நினைத்துக்கொள்ளுங்கள்.

அத்தோழர் இன்றும் இவ்வட்டாரத்தில் மின்பணி செய்து வாழ்கிறார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரி மூழ்கிய நாள்களில், நீர் வடிந்தபின் நம் தெருவில் வீடு வீடாகச் சென்று மின்னிணைப்பைச் சரிபார்த்துக் கொடுத்தவர் அவர். எந்த வீட்டிலும் சமயம் கேட்கவில்லை, கூலியும் கேட்கவில்லை. அவருடைய பேத்தி இவ்வாண்டு முதலாம் வகுப்பில் சேர இருக்கிறாள். அக்குழந்தை பத்தாம் வகுப்பு முடித்து நம் சங்கத்தின் படிவத்தை நிரப்பும் நாளில், “உன் சான்றிதழ் வேறு” என்று சொல்லித் திருப்பி அனுப்பும் நிலை வரலாகாது. 1989இல் நாம் ஒன்றும் செய்ய இயலாத மாணவராய் இருந்தோம். இன்று நம் கையில் ஒரு சங்கம் இருக்கிறது.